மேற்குச் சுவருக்குச் சுண்ணாம்பு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். சித்தாள் வேலை செய்துதான் வளர்த்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. கையெழுத்து மட்டும் போடுவேன். அதனால் நான் சொல்லச் சொல்ல, கடைசி மகளின் பெண் எழுதுகிறாள்.

ஆரணியில் பட்டுக் கடைகளுக்கென்று ஒரு ஷாப்பிங் மால் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வேண்டும் என்று அரசாங்கம் விரட்டிக்கொண்டிருந்த சமயம். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் பழைய அரண்மனை மாதிரி வரைந்து வைத்திருந்தார். நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவுகள், மழைத் தண்ணீர் முழுக்க முற்றத்துக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு. ஏசி இல்லாமலே குளிர வேண்டுமாம். அதனால் சுவர்ப் பூச்சுக்குச் சிமெண்டு கூடாது, சுண்ணாம்புதான் என்றார்.

"சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவங்க யாருனா இருக்கீங்களா?"

நான் ஒருத்திதான் கை தூக்கினேன். சிறு வயதில் என் அம்மாவோடு சுண்ணாம்பு அரைத்தவள் நான்.

வரைபடத்தைத் தரையில் விரித்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. வெயில் எங்கே விழும் என்று தெரியும்.

"மேக்கால சுவரு மொட்டையா நிக்குதே சார். மூணு மணிக்கு மேல நெருப்பா கொதிக்கும். தாழ்வாரம் இறக்குங்க."

அங்கேயே பென்சிலால் கோடு போட்டார். "இனிமே இவங்கதான் இன்ஜினியர், நான் சித்தாள்."

"அப்போ நாளைக்கு சட்டிய நீங்க தூக்குங்க சார்" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசி மகளும் அங்கே சித்தாள்தான். "எம்மா, எனக்கும் சுண்ணாம்பு வேல சொல்லிக் குடேன்" என்றாள்.

"எல்லாத்தையும் உனுக்கு சொல்லிட்டா அப்புறம் என்னை யாருடி கூப்புடுவாங்க?"

விளையாட்டாகச் சொன்னதுபோல் சொன்னேன். விளையாட்டு இல்லை.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் நிறைந்த குழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கல்லைக் குவித்து மேலே தண்ணீர் ஊற்றினால் வெடித்துச் சிதறும். சிமெண்டு மட்டுமே பார்த்தவர்களுக்குக் குவியலில் பள்ளம் பறித்துத் தண்ணீர் விடுவதுதான் பழக்கம்.

கல் வந்து இறங்கிய அன்று இன்ஜினியர் என்னை மேற்குச் சுவரோடு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனேன். தொடாதே என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஜல்தி தண்ணி ஊத்துங்கம்மா, கொத்தனாருங்க சும்மா நின்னுகினு இருக்காங்க" என்று மேஸ்திரி கத்தியது என் காதில் விழுந்தது. போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"எம்மோ!" என்று ஒரே அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரள்கிறாள். பக்கத்தில் குடம் கிடந்தது.

வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு கண்ணும் வெந்துவிட்டது என்றார்கள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். வயிற்றில் இருந்தவள்தான் இதை எழுதுகிறாள். இவள் முகத்தை என் மகள் பார்த்ததே இல்லை.

மால் திறந்தார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். நான் சொன்ன தாழ்வாரத்தில் நிழல் நின்றது. சுவரில் ஒரு விரிசல் இல்லை. அந்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மேஸ்திரி அவசரப்படுத்தியதால்தான் எல்லாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். மகளும் இன்றுவரை அவரைத்தான் திட்டுகிறாள். அவள் கேட்டும் நான் சொல்லிக்கொடுக்காததைப் பற்றி அவள் ஒருநாளும் பேச்சு எடுத்ததில்லை. மேஸ்திரி கத்தியது எனக்குக் கேட்டது என்பதோ அவளுக்குத் தெரியவே தெரியாது. கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

"ஆயா, இதையுமா எழுதணும்?"

"எழுது பாப்பா. எழுதிட்டியா? இப்போ உங்கம்மா கிட்ட போயி உக்காந்து மொதல்லேருந்து படி. போட்டோ எடுத்த எடத்த வுட்டுட்டுத் தாண்டிப் போயிடாத."