அத்தானுக்கு வைக்காமல் விட்ட கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அத்தான் வீட்டுக்குள் கால் வைத்ததும் அக்கா செய்கிற முதல் வேலை யன்னல்களைத் திறந்துவிடுவது. ஒவ்வொரு கோடையிலும், இசைத் திருவிழா ஒன்று முடிந்து அவர் திரும்பும்போது நடக்கிற காட்சி இது. மூன்று நாட்கள் சேற்றில் நின்ற பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, மழைச்சட்டையோடு அத்தான் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சட்டையில் விறகுப் புகை மணமும் இறைச்சி மணமும் அடிக்கும். அவற்றுக்கு மேலால் பேர்பன் விஸ்கியின் இனிப்பு மணம் வரும். அக்கா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல்லை போய்க் குளியுங்கோ. சனம் வந்தால் என்ன நினைக்கும்?" என்பாள். "சனம் வந்தால் அதுக்கும் ஒரு கிளாஸ் குடுப்பம்" என்று சொல்லிவிட்டு அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நான் யார் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டெனிஸ் துறைமுக ஊரான எஸ்பியர்க்கில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் என்னைச் சேர்த்துவிட்டவர் அத்தான்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். டெனிஸ் மொழியில் யாராவது வாயைத் திறந்தாலே எனக்குக் கை வியர்க்கும். முதல் நாள் நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு நடுங்கியதைப் பார்த்து, "என்னடா மச்சான் பயம்? மீன் கடிக்காது, அது செத்துப்போச்சு" என்றார். அன்று தொடங்கி என் பயங்களையெல்லாம் அவர்தான் சுமந்தார் என்று சொல்லலாம். வீட்டுக் கடன், மகளின் காய்ச்சல், தலையிடி வந்தால் அது கட்டியாக இருக்குமோ என்கிற யோசனை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதே? இனி சாப்பிடுவம்" என்பார்.

அந்தத் திருவிழா எங்களூரிலிருந்து வடக்கே, ஒரு சின்ன ஊரின் புல்வெளியில் நடக்கும். அமெரிக்கப் பாட்டுகள், பாஞ்சோ என்கிற தந்திவாத்திய வாசிப்பு, இரும்பு அடுப்புகளில் நாள் முழுக்கப் புகையில் வேகும் இறைச்சி, பேர்பன் ருசி பார்ப்பதற்கென்று ஒரு பெரிய கூடாரம். தொழிற்சாலையில் ஒரு டெனிஸ்காரர் அத்தானை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அத்தான் எந்த வருடமும் தவறவிடவில்லை. அங்கே தொண்டராக நின்று வெற்றுக் கோப்பைகள் பொறுக்குவார், குப்பை அள்ளுவார். அதற்குப் பதிலாக நுழைவு இலவசம். "சம்பளமில்லாமல் குப்பை அள்ளுற ஒரேயொரு யாழ்ப்பாணத்தான் நான்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். குடிப்பது மாலையில் ஒரேயொரு சின்னக் கிளாஸ். "அவங்கள் இதைச் சோளத்திலை செய்யிறாங்கள் மச்சான். பனையைக் காணாத சனம், பாவம்" என்பார்.

ஒவ்வொரு வருடமும் அக்காவைக் கூப்பிடுவார். "ஒரு மணித்தியாலம் வந்து பாட்டைக் கேட்டுப்போட்டுப் போவன்." அக்காவின் பதிலும் ஒவ்வொரு வருடமும் ஒன்றுதான்: "வெறிக்குட்டியள் கூடுற இடத்திலை எனக்கென்ன வேலை?" அவர் வற்புறுத்த மாட்டார். அடுத்த வருடம் திரும்பவும் கேட்பார்.

போன மாரியில், வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போடக் குனிந்த அத்தான் நிமிரவில்லை. இதயம் நின்றுவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, தலைவாழை இலை போட்டுப் படைப்பது எங்கள் வழக்கம். குடித்தவர் என்றால் ஒரு கிளாஸில் அதையும் ஊற்றி வைப்பார்கள். அதில் ஒளிப்பு மறைப்பு இல்லை. அக்கா கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள், இறால் பொரியல் வைத்தாள், றோல்ஸ் வைத்தாள். ஐயர், "எல்லாம் வைச்சாச்சோ?" என்று கேட்டார். மண்டபம் முழுக்கச் சொந்தக்காரர்கள். அத்தானின் பக்கத்து ஆட்கள் லண்டனிலிருந்தும் வந்திருந்தார்கள். அக்கா, "ஓம் ஐயா" என்றாள்.

அதற்குப் பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போய்ப் பார்ப்பேன். சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு இருப்பாள், இரண்டு வாய்க்கு மேல் கை போகாது. உடுப்புகள் தோளில் தொங்கத் தொடங்கின. அத்தானைப் போல இவளும் ஒருநாள் குனிந்தால் நிமிராமல் போய்விடுவாளோ என்று நினைத்து நினைத்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் கெஞ்சிக் கேட்டபோதுதான் சொன்னாள்.

"நான் அவருக்கு அதை வைக்கேல்லையடா தம்பி. சனத்துக்கு முன்னாலை வெக்கமாக் கிடந்தது. ஒரு பொட்டுக் கிளாஸ். மனிசன் பாத்துக்கொண்டு நிண்டிருப்பார்."

"ஆண்டுத் திவசத்திலை வைக்கலாம், அக்கா."

"அதுவரைக்கும் நான் எப்பிடிச் சாப்பிடுறது? அவர் எங்கை குடிச்சவரோ அங்கை கொண்டுபோய் வைக்கவேணும். என்னைக் கூட்டிக்கொண்டு போ."

எனக்குக் கவலைப்படக் காரணம் தேவையில்லை, நானே தேடிக்கொள்வேன். இந்தமுறை தேடவும் வேண்டியிருக்கவில்லை. வருடம் திரும்பாமல் ஒரு பெண் பாட்டுக் கச்சேரிக்குப் போவதா? யாராவது படமெடுத்துப் போட்டுவிட்டால்? ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் சின்னம்மாவுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. தொலைபேசியில் என்னைப் பிடித்தார். "அவளுக்குத்தான் துக்கத்திலை மூளை குழம்பிப்போச்சு. உனக்கென்னடா, உனக்கும் குழம்பிப்போச்சோ? தாலி கழட்டின கையோடை விஸ்கிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறாய்?" நான், "ஒரு மணித்தியாலம்தான் சின்னம்மா" என்று சொன்னேன். அத்தான் வருடாவருடம் கேட்டதும் அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் என்பது சொன்ன பிறகே நினைவுக்கு வந்தது.

கோடை வந்து, திருவிழா தொடங்கிய வெள்ளிக்கிழமை போனோம். வாசலில் ஒரு காவற்காரப் பையன் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே சோறு, பால்கறி, றோல்ஸ், ஒரு துண்டு வாழையிலை. கற்பூரமும் இருந்தது. வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாது என்றான் அவன். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், அவளுடைய டெனிஸ் என்னுடையதைப்போல் நடுங்காது. "இது எனக்கில்லை, இறந்துபோன என் கணவருக்கு" என்றாள். அவன் பையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

பேர்பன் கூடாரத்தில்தான் மாட்டிக்கொண்டோம். மேசைக்குப் பின்னால் போத்தல்கள் வரிசை வரிசையாக நின்றன. எந்தப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க எனக்குக் கண்ணும் போதவில்லை, படிப்பும் போதவில்லை. அத்தான் குடித்தது எது? ஒருநாளும் கேட்டதில்லை. கைமுழுக்கப் பச்சை குத்தியிருந்த பெண்ணொருத்தி ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். பெயர் தெரியாது, ஆனால் மணம் தெரியும் என்றாள்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு போத்தலாகத் திறந்து நீட்டத் தொடங்கினாள். மூக்கைப் பொத்தியே பழகிய அக்கா, கண்ணை மூடிக்கொண்டு குனிந்து குனிந்து முகர்ந்தாள். "இது இல்லை. இது பெயின்ற்." "இதுவும் இல்லை, ஆஸ்பத்திரி மணக்குது." எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் மணத்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. யாராவது கத்தப்போகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "அக்கா, ஏதாவதொண்டை எடுங்கோவன், அவருக்கு எல்லாம் ஒண்டுதானே" என்று முணுமுணுத்தேன்.

"நீ சும்மா இரு. உனக்குத்தான் எல்லாம் ஒண்டு."

பிறகு ஒரு போத்தலில் அவள் நின்றுவிட்டாள். மூக்கை எடுக்கவில்லை. "இதுதான் தம்பி" என்றாள் மெதுவாக. "ஞாயிற்றுக்கிழமை." அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் உடனே ஒரு சின்னக் கிளாஸில் அதை ஊற்றி, அக்காவின் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்தாள்.

மேடைக்குத் தள்ளி ஓரமாக ஒரு மரமேசை கிடைத்தது. அக்கா இலையை விரித்துப் படைத்தாள். வலப்பக்கம் கிளாஸ். கற்பூரத்தை எடுத்தபோது நான் கையைப் பிடித்துவிட்டேன். "கொளுத்தினால் எங்களைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள், அக்கா." மேசை நடுவே, இந்த நாட்டில் எந்த மேசையிலும் இருப்பதுபோல, கண்ணாடிக்குள் ஒரு சின்ன மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை இலைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக் கும்பிட்டாள். வாய்க்குள் என்ன சொன்னாள் என்று பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஒரு பிடி சோற்றையும் ஒரு றோலையும் எடுத்துக் காகத்துக்கென்று புல்லில் வைத்தாள். கை எடுக்க முதலே ஒரு கடற்பறவை பாய்ந்து றோலைக் கௌவிக்கொண்டு போனது. நான் பதறிவிட்டேன். அக்கா சிரித்தாள். அத்தான் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவர்தான். றோல்ஸ் எண்டால் பொறுக்க மாட்டார்."

படைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும். சோற்றைக் குழைத்து எனக்கொரு பிடி தந்துவிட்டு அவளும் சாப்பிட்டாள். இலை காலியாகும்வரை சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வாய் என்று எண்ணினால் அவள் கை நின்றுவிடுமோ என்று பயம். கடைசியில் கிளாஸ் மட்டும் மிஞ்சியது. எனக்குக் கார் ஓட்டவேண்டும். நிலத்தில் ஊற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"நிலத்திலையோ? மனிசன் எழும்பி வந்து அடிப்பார்."

அவளே எடுத்தாள். ஒரே மிடறு. கண்ணால் தண்ணீர் வடிய இருமினாள். "சீ! இதுக்கோ இந்தாள் மூண்டு நாள் குப்பை அள்ளினது?" அந்த நேரம் பார்த்து அவளுடைய தொலைபேசி அடித்தது, சின்னம்மா. எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எடுத்தாள். "ஓம் சின்னம்மா, இஞ்சைதான் நிக்கிறன். அவருக்குப் படைச்சுப்போட்டு இருக்கிறன். பிறகு கதைக்கிறன்." குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை.

மேடையில் ஒரு கிழவரும் ஒரு சின்னப் பெண்ணும் பாஞ்சோ வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். சொன்ன ஒரு மணித்தியாலம் எப்போதோ போய்விட்டது. அக்கா கதிரையை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அவளுடைய கால்விரல் புல்லில் மெல்லத் தாளம் போடுவதைக் கண்டேன், அவள் கவனிக்கவில்லை.

"தம்பி, இவை நாளைக்கும் வாசிப்பினமே?"

சனிக்கிழமை புயல்காற்றும் மழையும் என்று காலையிலேயே பார்த்துவைத்திருந்தேன். பாதை வழுக்கும், கூடாரம் பிய்த்துக்கொண்டு போகும், அவளுக்குச் சளி பிடிக்கும், எல்லாம் வரிசையாக வாய்வரைக்கும் வந்தன.

"ஓம் அக்கா" என்றேன். "நாளைக்கும் இருக்கு."