மாமியார் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார்

என் மனைவிக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வயசானால் யாருக்குத்தான் மறக்காது, எனக்கே கண்ணாடியை எங்கே கழற்றி வைத்தேன் என்று தெரிவதில்லை, இதற்குப் போய் ஒரு வியாதியா என்று வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். இங்கே ஒரு மில்லில், டைம் ஆபீசில் காலம் தள்ளியவன் நான். சங்கு ஊதி முடித்த பிறகு கேட்டுக்குள் கால் வைத்தவன் என் சொந்த மச்சானாக இருந்தாலும் லேட்டு லேட்டுதான். "எமனே வந்தாலும் இந்த ஆளு லேட்டுன்னு எழுதிட்டுத்தான் உள்ள வுடுவாரு" என்று தறிக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். எனக்கு அதில் உள்ளுக்குள் பெருமை. மில்லை இழுத்து மூடி எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பெருமையை மட்டும் நான் விடவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் என்று ஒரு மிதப்பு.

என் மனைவி வீராம்பட்டினத்துப் பெண். அவளுடைய அம்மா கூடையில் மீன் எடுத்துப்போய் பெரிய மார்க்கெட்டில் விற்றவர். வியாபாரம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வருவார். மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த மீனைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டு, மருமகனிடம் ரெண்டு வார்த்தை பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் இறந்து வெகு காலமாகிவிட்டது.

நோய் முற்றத் தொடங்கியபோது என் மனைவிக்கு அந்தச் சாவு மறந்துபோயிற்று. வெயில் தாழ்ந்ததும் வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, "இன்னாங்க, எங்கம்மா இன்னும் வரல?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

நான் உள்ளதைச் சொன்னேன். "உங்கம்மா செத்து எவ்ளோ வருஷம் ஆச்சு. மறந்துட்டியா?"

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "எப்போ? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்தாள். நேரே பின்கட்டுக்குப் போய், கட்டிய புடவையோடு, தொட்டியிலிருந்த தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். சாவுச் சேதி காதில் விழுந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று வளர்ந்தவள். அதிலும் பெற்ற தாய். ரவிக்கைக்குக் கொக்கி போடத் தெரியாமல் முழித்தவளுக்கு இது மட்டும் மறக்கவில்லை.

தலையைத் துவட்டி, வேறு புடவை கட்டிவிட்டு, காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் போயிற்று. ஈரம் காயாத முடியைத் தொட்டுப் பார்த்தாள். எதற்குக் குளித்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடியும் வாசலுக்குப் போய் நின்றாள். "எங்கம்மா இன்னும் வரலியே."

இந்த இடத்தில் அறிவுள்ளவன் எவனும் புரிந்துகொண்டிருப்பான். நான் புரிந்துகொள்ளவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னால் மனதில் பதிந்துவிடும் என்று நினைத்தேன், வாய்ப்பாடு மாதிரி. மாமியாரின் படத்தை எடுத்துத் துடைத்து, மாலை போட்டு, கூடத்தில் அவள் கண்ணில் படும்படி மாட்டினேன். கேட்கும்போதெல்லாம் கையைப் பிடித்து அழைத்துப்போய் அதைக் காட்டினேன். வாயால் சொன்னபோதாவது ஒரு கணம் நம்பாமல் என் முகத்தைப் பார்ப்பாள். படத்தையும் மாலையையும் பார்த்த பிறகு அந்த ஒரு கணமும் இல்லை. நேரே தொட்டிக்குத்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. துணி காயாமல் வீடெல்லாம் கொடி கட்டியிருந்தேன். மூலக்குளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் மகள் வரும்போதெல்லாம், "இன்னாப்பா, கடல்ல வுழுந்த மாதிரி இருக்குது வீடு" என்பாள். நான் விஷயத்தைச் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதிலும் ஒரு நியாயம் இருந்தது.

கடைசியில் அவளுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு கிடந்தவள் அங்கேயும் அம்மாவைக் கேட்டாள். நான் வாயெடுப்பதற்குள் மகள் குனிந்து, "உங்கம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்குதும்மா. வித்து முடிச்சதும் வந்துடும்" என்றாள்.

மனைவியின் முகம் தெளிந்தது. "அம்மா வந்தா சோறு போடு. பசியோட வரும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாள்.

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று நான் திகைத்துப்போய் நின்றேன். மகள் என்னை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஆயா செத்தப்போ அம்மா ஒரு தடவதாம்ப்பா அழுதுச்சு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

பிழைத்து வீட்டுக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாகப் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தேன். அன்று வெயில் தாழ அவள் வாசலுக்குப் போனபோது, என் ஆயுசில் முதல் பொய்யைச் சொன்னேன். "உங்கம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க." நாக்கு குழறியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "இன்னிக்கு இன்னா மீனாம்?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? "வஞ்சிரம்" என்றேன். "வஞ்சிரமா! அப்ப பேரம் முடிஞ்சு லேட்டாத்தான் வரும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது. தினமும் ஒரு மீன் சொன்னேன். சங்கரா, கொடுவா, மழைநாளில் நெத்திலி. பஸ் கூட்டமாம், வரத்து நிறையவாம் என்று அளந்து விட்டேன். மாமியாருக்கென்று ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைப்போம். நல்ல மனுஷிதான் என் மாமியார், உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றி நான் இத்தனை பேசியதில்லை. இந்தச் சுகத்தை அவளுக்கு ஆரம்பத்திலேயே கொடுத்திருக்கலாமே என்று இருக்கும். தாயை இத்தனை தடவை சாகக் கொடுத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஒவ்வொரு தடவையும் சேதி சொன்னவன் நான்.

போன மாசம் ஒரு நாள். நான் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை புதுசாக இருந்தது.

"நீங்க யாருங்க?" என்றாள்.

இது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பழைய ஆளாக இருந்தால் தாலியைக் காட்டி, கல்யாணப் படத்தைக் காட்டி நிரூபித்திருப்பேன். "பக்கத்து வீடும்மா. கொஞ்சம் ஒத்தாசைக்கு வந்தேன்" என்றேன்.

"எங்கம்மா இன்னும் வரல?"

"மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்கம்மா. வந்துடுவாங்க."

எப்போதும் தெளிகிற முகம் தெளியவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, மனசு நோகாமல் சொல்கிறவளைப் போல, "நீங்க என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரரு மில்லுக்குப் போயிருக்காரு. அவரு வரட்டும், அவரைக் கேட்டுக்கறேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுவாரு, ஆனா பொய் சொல்ல மாட்டாரு. அவரு சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

மழைநாளில் அவளை அழ அழத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள விட்டவன் அந்த ஆள். அவனைத்தான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த ஆள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

"ஷிப்ட் முடிஞ்சதும் வந்துடுவாரும்மா" என்றேன்.

அவள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.