பின்னறைக்கும் தண்ணீர் நின்றதா

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். நகராட்சிக் குழாயில் ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் வந்து நாற்பது நிமிடம் ஓடியது. தொட்டி முக்கால் பங்கு நிறைந்தது. பால் வாங்கி வந்தேன். டைரியில் நேற்றைய பக்கத்தை முடித்து, இன்றைய பக்கத்தில் தேதியும் கிழமையும் எழுதினேன். ஏழரைக்கு மூன்று இட்லி. எட்டரைக்கு நானும் மனைவியும் பின்னறைக் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டோம். ஒன்பதரைக்கு எங்கள் ராஜபாளையம் வீட்டின் மேல்தளத்தைச் சோதிக்க ஓர் இன்ஜினியர் வருவதாக இருந்தது.

பத்து நாளுக்கு முன்னால் அந்தக் கட்டில் மேல் காரை பெயர்ந்து விழுந்தது. தட்டளவு ஒரு துண்டு, தலையணை இருக்கும் இடத்தில். அப்போது அறையில் யாரும் இல்லை. மகளுக்கு ஏழாவது மாதம். வளைகாப்பு முடிந்து அவளை அழைத்து வந்தால் அந்த அறையில்தான் படுக்க வைப்பதாக இருந்தோம், வீட்டிலேயே அதுதான் குளுமையான அறை என்பதால். காரை விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. நானே அண்ணாந்து பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. கருவிகள் வைத்துப் பார்த்து எழுதிக் கொடுப்பவர்கள் வேண்டும் என்றேன். மனைவி உடனே சம்மதித்தாள்.

உண்மையில் எனக்குக் கருவி தேவைப்படவில்லை. அந்த அறையின் தளம் ஏன் கெட்டது என்பது முப்பத்து மூன்று வருடங்களாக எனக்குத் தெரியும்.

1991 மே 2, வியாழக்கிழமை தளம் போட்டார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் அங்கேயே தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு மட்டும் வருவார். தளம் முடிந்த அன்று கறிச்சோறு போட்டு, கொத்தனாருக்கு வேட்டியும் துண்டும் கொடுத்தார். கொத்தனார் வன்னியம்பட்டிக்காரர். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, என் வேலை முடிஞ்சு போச்சு. இனிமே தளம் உங்க கையிலதான் இருக்கு. இருபத்தோரு நாளும் தண்ணி நிக்கணும்," என்றார்.

தளத்தின் மேல் களிமண்ணால் சிறு வரப்புகள் கட்டி மூன்று பாத்தி பிரித்திருந்தார்: ஹாலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, பின்னறைக்கு ஒன்று. பாத்தி வற்றாமல் நிறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது மாடிப்படி இல்லை, மூங்கில் ஏணிதான். தெருக் கிணற்றிலிருந்து காலையில் பதினைந்து குடம், மாலையில் பதினைந்து குடம். தளத்துக்காக லீவு போட்டு வந்திருந்த அப்பா மறுநாள் மாலை ஆலைக்குக் கிளம்பும்போது ஒரு புது டைரியைக் கையில் கொடுத்து, "தினமும் ஊத்தினதும் எழுதி வையி. எழுதி வச்சா மறக்காது," என்றார். நான் டைரி எழுதத் தொடங்கியது அப்படித்தான். இன்றுவரை ஒரு நாளும் விட்டதில்லை.

மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள், பின்னறைப் பாத்தியின் வரப்பு ஒரு மூலையில் உடைந்து தண்ணீர் வடிந்துவிட்டது. ஒரு கூடை மண் எடுத்து அடைத்தால் தீர்ந்தது. நான் அடைக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அடுத்த தெருவில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டு பாத்திகளையும் நிறைத்துவிட்டு இறங்கிப் போனேன். அன்று டைரியில், 'மூன்று பாத்திக்கும் தண்ணீர் நிறைத்தேன்' என்று எழுதினேன். அடுத்த நாளும் அதையே எழுதினேன். ஒன்பதாம் தேதிவரை ஆறு நாள் அப்படி எழுதினேன். பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை, அப்பாவின் பஸ் வருவதற்கு முன்னால் ஏறி, வரப்பை அடைத்து, மூன்றாவது பாத்தியையும் நிறைத்து வைத்தேன். தளம் வெளுத்துச் சுடுகல்லாக இருந்தது. ஊற்றிய முதல் குடம் புஸ்ஸென்று உள்ளே போனது. அந்தச் சத்தத்தை நான் டைரியில் எழுதவில்லை.

இரண்டாவது மழைக்கே பின்னறை ஒழுகியது. அப்பா கொத்தனாரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் ஸ்டூல் மேல் ஏறி, பூச்சுக் கரண்டியின் கைப்பிடியால் விட்டத்தை இடம் இடமாகத் தட்டினார். ஹாலில் டங் டங் என்று கேட்டது, பின்னறையில் டொக் என்று செத்த சத்தம். இறங்கி வந்து அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, பின்னறைக்கும் தண்ணி நின்னுச்சா?"

"நின்னுச்சு," என்றேன்.

அப்பா டைரியைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தார். "இந்தா பாரும். தேதி வாரியா எழுதியிருக்கான். சிமெண்டு நான் கூட நின்னு பார்த்து எறக்குன சிமெண்டு, அது தப்புப் பண்ணாது. நீருதான் கலவையில மண்ணக் கூட்டியிருக்கீரு."

கொத்தனார் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாது அய்யா. எழுதியிருந்தா சரிதான்," என்று சொல்லி, கரண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

அப்பா அதோடு விடவில்லை. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொன்னார். சிமெண்ட் ஆலைக்காரர் சொன்னால் ஊர் நம்பாதா? எங்கள் தெருவில் அடுத்து எழும்பிய வீடு எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை. பிறகு ராஜபாளையத்தில் எங்கேயுமே அவரை வேலைக்குப் பார்க்கவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, பஸ் நிலையத்திலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவலாளி உடுப்போடு அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார்.

"தம்பி, வீடு நல்லா இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

பார்க்கும்போதெல்லாம் அதே கேள்விதான். குரலில் குத்தல் எதுவும் இருக்காது. தூரத்துச் சொந்தத்தை விசாரிப்பது போல் கேட்பார். ஒருமுறை, "வன்னியம்பட்டி விலக்குல எறங்கி, தண்ணித் தொட்டிக்குப் பின்னாலதான் நம்ம வீடு. ஒரு நாளு வாங்க தம்பி," என்றார். மறுநாளிலிருந்து நான் சுற்றுத் தெரு வழியாகப் போகத் தொடங்கினேன். நாலு நிமிடம் கூடுதல். அவர் வேலையை விட்டு நின்ற பிறகும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன்.

அப்பா இறந்து பதினைந்து வருடமாகிறது. ஒவ்வொரு கார்த்திகை மழை முடிந்ததும் பின்னறை விட்டத்தில் ஈரம் பரவிய எல்லையைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் வருடம் குறிப்பேன். வெள்ளையடித்தாலும் கறை மேலே வந்துவிடும், கோடுகளும் மங்கலாகத் தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாக, இன்னும் கண்ணுக்குத் தெரிபவை பதினொரு வளையங்கள். வெயில் இறங்கும் நேரத்தில் அந்த அறையிலிருந்து சில நாள் டொக் என்று ஒரு சத்தம் வரும். சூடேறிய தளம் ஆறும்போது வருவது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கரண்டியின் கைப்பிடிதான் நினைவுக்கு வரும். அந்த அறையில் நான் ஒரு நாளும் படுத்ததில்லை.

இன்ஜினியர் ஒன்பது முப்பத்தைந்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். கடலோர வீடுகளைப் பார்ப்பதுதான் அவருக்கு முக்கிய வேலை. மனைவி கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு ஏணி கேட்டார்.

முதலில் தட்டிப் பார்த்தார். ஹாலிலும் அடுப்படியிலும் டங். பின்னறையில் டொக். பிறகு பூச்சைச் சுரண்டிவிட்டு, ஸ்பிரிங் வைத்த ஒரு குழாயைத் தளத்தில் அழுத்தினார். அது எம்பித் திரும்பும் அளவை வைத்துக் காங்கிரீட்டின் வலு தெரியுமாம். ஹாலில் முப்பத்தெட்டு. பின்னறையில் இருபத்திரண்டு. சிறு துண்டுகள் உடைத்தெடுத்து அவற்றின் மேல் ஒரு மருந்தைத் தெளித்தார். ஹால் துண்டு உடனே ரோஸ் நிறமானது. பின்னறைத் துண்டு நனைந்ததோடு சரி, நிறமே வரவில்லை.

"கம்பியக் காப்பாத்துற சத்து போயிருச்சு சார். நல்ல காங்கிரீட்டுனா ரோஸ் ஆகும்," என்றார். "எங்க ஊர்ல கடலோரத்துலதான் இந்த மாதிரி பார்ப்பேன். அங்க உப்புக்காத்தத் திட்டிட்டுப் போயிருவோம். இங்க கடலும் இல்ல. யாரத் திட்ட?"

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மொட்டை மாடிக்குப் போனோம். வெயில் ஏறியிருந்தது. ஓரிடத்தில் மேல்பூச்சைக் கொத்தி எடுத்து, குனிந்து உட்கார்ந்து விரலால் தடவினார். பின்னறைக்கு மேலே வலை பின்னியது போல் மெல்லிய வெடிப்புகள். அவற்றின் வழியாகத்தான் மழைத் தண்ணீர் கம்பிவரை போயிருக்கிறது என்றார். இன்னும் இரண்டு இடத்தில் கொத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? வெடிப்பெல்லாம் இந்தக் கோட்டோட நின்னுருது. ஸ்கேல் வச்ச மாதிரி நேரா. கலவையில கோளாறுன்னா இப்படி நேரா நிக்காது, கோணல்மாணலா வரும். இது வரப்புக் கட்டின இடம் மாதிரி இருக்கு." நோட்டை எடுத்தார். "தளம் போட்ட புதுசுல தண்ணி யாரு சார் கட்டினது?"

"நான்."

"மூணு பாத்திக்குமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். மாடியில் வேறு யாரும் இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார். நான் கீழே போய், பீரோவில் வருட வாரியாக அடுக்கியிருக்கும் டைரிகளில் முதலாவதை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அப்பா காட்டியது போலவே.

அவர் ஆறு நாளையும் படித்தார். "முப்பத்து மூணு வருஷம் வச்சிருக்கீங்களே," என்று வியந்து, பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "அப்ப தண்ணியில குறை இல்ல. கொத்தனார் வேலைன்னுதான் எழுதணும்." பின்னறையை மட்டும் முட்டுக் கொடுத்துக் கொத்திச் சரிசெய்யலாம், அதுவரை அங்கே யாரும் படுக்க வேண்டாம், திங்கட்கிழமை அறிக்கை அனுப்புகிறேன் என்று சொல்லி, பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் மனைவி ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த வன்னியம்பட்டிக் கொத்தனாருதான? மாமா எம்புட்டு தரம் சொல்லுவாவ. நான்தான் கிழவரு சும்மா புலம்புதாருன்னு நெனச்சேன்."

நான் மடித்த துணிகளை எடுத்துப் பீரோவில் அடுக்கினேன்.

"நம்ம பிள்ள அந்தக் கட்டில்ல படுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? வயித்துப் பிள்ளையோட. இப்படிச் செஞ்ச ஆளு வெளங்குவானா?"

பின்னறையிலிருந்து டொக் என்று கேட்டது. மணி ஆறு இருபது.

"தளம் ஆறுது," என்றாள் அவள், துணியிலிருந்து தலை நிமிராமலே.

அன்றைய பக்கத்தில் இன்ஜினியர் வந்த நேரம், போன நேரம், முப்பத்தெட்டு, இருபத்திரண்டு, ரோஸ் நிறம் எல்லாம் எழுதினேன். மாடியில் நடந்த பேச்சை எழுத வரும்போது பேனா நின்றுவிட்டது. பக்கத்தின் கடைசி ஆறு வரிகள் காலி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். குழாயைப் பார்க்கவில்லை, பால் வாங்கவில்லை. 1991 டைரியைப் பையில் போட்டுக்கொண்டேன். மனைவி கதவருகே வந்தாள்.

"எங்க, விடியும் முன்னால?"

"வன்னியம்பட்டிக்குப் போயிட்டு வாரேன்."

"அந்த ஆளத் திட்டவா? விடுங்க, வயசானவரு."

"இல்ல. வந்து சொல்றேன். உனக்கும் சொல்லணும்."

பஸ்ஸில் உட்கார்ந்து இன்ஜினியருக்குச் செய்தி அனுப்பினேன்: 'மே 4 முதல் 9 வரை பின்னறைப் பாத்தியில் தண்ணீர் இல்லை. டைரியில் இருப்பது பொய். கொத்தனார் மேல் தவறு இல்லை.' ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது பதில் வந்தது: 'சரி சார். கோடு ஏன் நேரா இருக்குன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன்.'

விலக்கில் இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு அவர் வாசலில் நின்றிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார்.

"யாரு, தம்பியா? வாங்க, வாங்க. வீடு நல்லா இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "பின்னறைக்குத் தண்ணி நிக்கல. ஆறு நாளு. நான்தான் ஊத்தல. ஊத்தினதா எழுதி வச்சேன்."

அவர் கையிலிருந்த குச்சியை இரண்டாகக் கிழித்துக் கீழே போட்டார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அடுப்ப அமத்திட்டு இங்க வா. தம்பி சொல்லுறத நீயும் கேளு."

அவர் மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் மே இரண்டாம் தேதியிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.