ஜவுளிக்கடைப் படத்தின் கண்கள்

எந்த போட்டோவைப் பார்த்தாலும் அதன் மனசு எனக்குத் தெரிந்துவிடும் என்று நம்பித் திரிந்த முட்டாள் நான். அறுபதுகளில் சிதம்பரம் கீழவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பம்பாய்ப் பத்திரிகைகளில் வரும் புடவை விளம்பரங்களை வெட்டிச் சுவரில் ஒட்டி, பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் வியாக்கியானம் சொல்வேன். "பாருங்க, இந்தப் பொண்ணு சிரிக்கல. நம்மளயும் பாக்கல. தூரத்துல எதையோ பாக்குது. அந்த ஏக்கந்தான் புடவைய விக்குது." அண்ணாமலை நகர் மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார்கள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொள்வேன்.

சோறு போட்டது வேறு வேலை. அந்த நாளில் பல வீடுகளில் ஒருவர் செத்த பிறகுதான் அவருக்கு முதல் போட்டோ. குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். எடுத்துவந்து பிரிண்ட் போட்டு, மூடிய இமை மேல் பிரஷ்ஷால் கண் வரைவேன். ஒரு கருவிழி, அதில் ஒரு வெள்ளைப் புள்ளி. மாலை போட்டு மாட்டினால் ஆள் விழித்திருப்பார். கடலூர் வரைக்கும் இதில் எனக்குப் பேர்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் வந்தார். தீபாவளிக்குக் கடை வாசலில் ஆளுயரத்துக்குப் படம் வேண்டும். புடவை கட்டி நிற்கக் குடும்பப் பெண்கள் யாரும் ஒப்பவில்லை. நாடகங்களில் கதாநாயகி வேஷம் கட்டும் ராஜாமணி அக்கா சரி என்றார்.

"லேசா சிரிக்கச் சொல்லுய்யா," என்றார் முதலாளி.

"சிரிச்சா மூஞ்சியப் பாப்பாங்க மொதலாளி. துணிய எவன் பாப்பான்?"

அக்காவை ஜன்னலோரம் நிறுத்தி, தூரமாகப் பார்க்கச் சொன்னேன். கழுவிப் பார்த்தால் ஒரே ஒரு நெகட்டிவ்தான் தேறியது. முந்தானை சரிந்த அழகும் பட்டின் பளபளப்பும் அப்படியே பம்பாய். ஆனால் அக்கா கண்ணை மூடியிருந்தார். இன்னொரு தரம் எடுத்திருக்கலாம். மூடிய கண் எனக்கு ஒரு பிரச்சினையா? என்லார்ஜ் செய்து, கலர் பூசி, கண்ணைத் திறந்துவிட்டேன்.

படம் வாசலில் ஏறியதும் பார்க்கப் போய், சில நாள் அங்கேயே தங்கினேன். பேசிக்கொண்டே வந்த பெண்கள் படத்துக்கு எதிரே பேச்சை நிறுத்தினார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். சிலர் கடைக்குள் வராமலே திரும்பினார்கள்.

"பாத்தீங்களா மொதலாளி, மயங்கி நிக்கிறாங்க," என்றேன்.

மறுநாள் படத்தின் கீழே ஒரு கனகாம்பரச் சரம் கிடந்தது. அப்புறம் ஊதுவத்தி. வைத்தது யாரென்று எவரும் பார்க்கவில்லை. ஒரு காலையில், இரவெல்லாம் படத்துக்கு முன்னே பூட்டியிருந்த கம்பிக் கதவைத் திறந்தால், படத்தின் நெற்றியில் ஈரம் காயாத குங்குமம். கம்பிக்குள் கை நுழையும்தான். அந்த உயரத்துக்கு எட்டுமா என்று அளந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதலாளி படத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவதை விட்டுவிட்டார்.

அன்றைக்குத் தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் படத்தின் முன் நின்றார்.

"எப்ப தவறுனாங்க?"

"யாரும்மா?"

"இந்தப் பொண்ணுதான். பாவம், சின்ன வயசு."

"அவுங்க உசுரோட இருக்காங்கம்மா. இது துணி விளம்பரம்."

அவர் நம்பவில்லை. "எங்க ஊட்டுக்காரரு படத்துலயும் இதே பார்வதான். பக்கத்து ஊட்டுலயும் இதேதான். போனவங்கதான இப்படிப் பாக்குறாங்க."

நான் வரையக் கற்றது ஒரே ஜோடிக் கண். ஆணுக்கும் பெண்ணுக்கும் கிழவருக்கும் அதையேதான் வைத்திருந்தேன். அது எத்தனை வீட்டுச் சுவர்களில் விழித்துக்கொண்டிருக்கிறதோ. அதைப் பார்த்துப் பார்த்து, செத்தவர்களின் பார்வை இதுதான் என்று ஊரே பழகிப்போயிருந்தது. நான் ஏக்கம் என்று பீற்றிக்கொண்டதை அவர்கள் ஒரே பார்வையில் சரியாகப் படித்துவிட்டார்கள்.

சில நாளில் ராஜாமணி அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி வாசலில் நின்றதில் முகம் தெரியவில்லை. நான் எழுந்து இரண்டடி பின்வாங்கினேன்.

"நீயுமா தம்பி?" என்றார். "நான் செத்துட்டேன்னு காட்டுமன்னார்கோயில் பக்கம் திருவிழா நாடகத்துக்கு வேற ஆளப் பேசிட்டாங்க. நேர்ல போயி நின்னேன். அப்பவும் தலைவரு என் கால் தரையில பாவுதான்னு பாத்துக்கிட்டேதான் பேசுறாரு. இப்பிடியே போனா நான் எப்பிடிப் பொழைக்கறது?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அக்கா உட்காரவில்லை.

"நேரா பாத்து, பல்லு தெரியச் சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடு. அதே வாசல்ல வை. நான் இருக்கேன்னு ஊருக்குத் தெரியட்டும்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். படம் என்ன சொல்கிறது என்பதை எடுத்தவனிடம் கேட்காதீர்கள். அது மாட்டியிருக்கும் தெருவில் போய் நின்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருந்த பம்பாய்ப் பெண்களை அன்றே கிழித்துவிட்டேன். ராஜாமணி அக்காவின் பழைய படத்தைக் கிழிக்க மட்டும் எனக்கும் கை வரவில்லை, முதலாளிக்கும் வரவில்லை.

அக்கா கேட்ட புதுப் படத்துக்குக் கேமராவை ஃபோகஸ் செய்துவிட்டு, கருப்புத் துணிக்குள் இருந்தபடியே சொன்னேன்: "இந்தத் தடவ கண்ண மூடிடாதீங்கக்கா."

"நீ தொறக்காம இரு, போதும்."