ஆயரையல்ல, பிரபுவை

அருமைராசாவை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கும்போது ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவருக்குக் கால் வழுக்கியது. சக்கர நாற்காலியில் கட்டப்பட்டிருந்த மனிதர் அப்படியே சரிந்து சுவரில் முட்டி நின்றார். அவருடைய மனைவி பாலாம்பிகை போட்ட சத்தத்தில் கொறற்றி தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். நெற்றியில் இரத்தம் வழிய அருமைராசா சொன்னார்: "ஒண்டுமில்லைப் பிள்ளை. டயாலிசிஸுக்குப் பிந்தப்போகுது, அதுதான் பயம்."

பெப்ரவரி மாதம். மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த அந்தக் கட்டடம் முன்பு கன்னியர் மடமாக இருந்தது. லிஃப்ட் கிடையாது. கீழ்மாடியில் ஒரு வீடு காலியாகக் கிடந்தது. நடக்க முடியாதவர்களுக்கே கீழ்மாடி முதலில் என்பது குடியிருப்பாளர் சங்கத்தின் விதி. ஆனால் சங்கத் தலைவர் அந்த வீட்டைப் பாடகர் குழுவை நடத்தும் டினோஜனின் குடும்பத்துக்கு என்று சொல்லிவிட்டார். தலைவர் வேறு யாருமல்ல, பங்குக் குரு ஜெராட் சுவாமி. கொறற்றியின் அண்ணன்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், தகப்பன்மார் வேறு. ஜெராட்டின் தகப்பன் ஊரில், பேசாலைக் கடலில் மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. தாய் அக்னெஸ் மறுமணம் செய்து பெற்றவள் கொறற்றி. போர்க்காலத்தில் தாயோடு அவளை மொன்றியலுக்கு எடுப்பித்து, பிரெஞ்சு படிக்கவைத்து, பல்கலைக்கழகம் வரை அனுப்பியது அண்ணன்தான். பாழடைந்த மடத்தை ஆயர் இல்லத்திடம் கேட்டு வாங்கி, அகதியாக வந்த குடும்பங்களுக்கு வீடுகளாக்கியவரும் அவரே. அவர் இல்லாவிட்டால் தங்களுக்குக் கூரை இல்லை என்பதை அங்கே எல்லோரும் அறிவார்கள். சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் என்று ஒன்று வைத்தாலும் அவருக்கு எதிராக யாரும் நின்றதில்லை.

அன்று பின்னேரமே கொறற்றி அண்ணன் தங்கியிருந்த பங்குமனைக்குப் போனாள்.

"அண்ணை, அந்த மனுசன் இண்டைக்குச் செத்திருப்பார்."

"டினோஜனுக்கு நான் வாக்குக் குடுத்திட்டன்."

"விதி இருக்கெல்லே?"

"அந்த விதியை எழுதினது நான்." ஜெராட் சுவாமி குரலை உயர்த்தவில்லை. "கோயிலாலதான் இந்தக் கட்டிடம் வந்தது. கோயில் ஆக்களுக்கு ஒரு முன்னுரிமை வேணும். பாலாம்பிகையாக்கள் கோயில் பக்கம் வாறேல்லை."

"அவையள் சைவம், அண்ணை."

"நான் அதைச் சொல்லேல்லை." அவர் எழுந்து யன்னலோரம் போய் நின்றார். "நீ சங்கத்தில சும்மா ஒரு உறுப்பினர். இதுக்குள்ள வராதை."

கொறற்றி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த வாரம் கல்லூரியில் அவள் எடுக்கவேண்டியது நோர்மன்காரர் பற்றிய வரலாற்றுப் பாடம். பதினோராம் நூற்றாண்டு ஆயர்களைப் பற்றித்தான் அவள் ஆய்வுப்பட்டம் செய்திருந்தாள். காலையில் பூசை, மாலையில் நிலத்தகராறுக்குத் தீர்ப்பு, தேவைப்பட்டால் குதிரையேறிப் படைக்குத் தலைமை. அந்த ஆயர்கள் பலருடைய வாழ்க்கை அப்படித்தான் இருந்தது. அவர்களில் பெரியவன் ஓடோ. இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னனுக்குத் தாய் ஒன்றாய், தகப்பன் வேறான தம்பி. நோர்மண்டியில் பாயோ நகரத்தின் ஆயர், இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்தின் பிரபு. மன்னன் கடல்கடந்து போயிருந்த வேளைகளில் நாட்டை ஆண்டவர்களில் அவனும் ஒருவன். கடைசியில் மன்னனின் வீரர்களையே திரட்டிக்கொண்டு ரோமுக்குப் புறப்பட்டான். பாப்பரசர் பதவி மேல் கண் என்று பேச்சு.

"மன்னன் அவனைப் பிடிக்கச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை," என்று கொறற்றி பிரெஞ்சில் விளக்கினாள். "திருநிலைப்படுத்தப்பட்ட ஆயர்மேல் கைவைத்தால் சாபம் வரும் என்ற பயம். அதனால் வில்லியம் தானே போய்த் தம்பியைப் பிடித்தான். 'நான் ஆயர், எனக்குத் தீர்ப்பிடப் பாப்பரசரால்தான் முடியும்' என்று ஓடோ கத்தினான். 'நான் ஆயரைப் பிடிக்கவில்லை. என் பிரபுவைப் பிடிக்கிறேன்' என்றான் வில்லியம். அடுத்த தலைமுறையினர் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்."

பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அது வெறும் சொல் விளையாட்டுத்தானே, மேடம்? சிறைக்குள் போனது ஒரே உடம்பு."

கொறற்றி அந்தக் கேள்வியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

சங்கத்தின் பொதுக்கூட்டம் ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் கூடுவதாக இருந்தது. தலைவரை நீக்கும் பிரேரணையை உபதலைவர் யோசெப் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற மனிதர்; அருமைராசாவை எத்தனையோ தடவை தோளில் தூக்கி இறக்கியவர். "நான் சொல்லுறன் கொறற்றி. உனக்கு அவர் அண்ணன். நீ ஒதுங்கி இரு," என்றிருந்தார்.

ஜெராட் சுவாமி வெள்ளை அங்கியைக் கழற்றாமலே மண்டபத்துக்குள் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் சிலுவை அடையாளம் இட்டுச் செபம் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் பாலாம்பிகையைத் தவிர நிமிர்ந்து பார்த்தவர் எவருமில்லை.

"வேற ஏதும் விசயம் இருக்கோ?" என்றார் சுவாமி.

யோசெப் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொறற்றி அவரை உற்றுப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவேயில்லை. சூடேற்றும் குழாய்கள் மட்டும் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தன.

"அப்ப முடிப்பம்," என்று சுவாமி கையை உயர்த்தினார்.

கொறற்றி எழுந்தாள். தாய் அக்னெஸ் பின்னாலிருந்து அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "இரு பிள்ளை, இரு!"

"தலைவரை நீக்கவேணும் எண்டு நான் பிரேரிக்கிறன்," என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

மண்டபம் இரைந்தது. "சாமிக்கு எதிராயோ?" என்று யாரோ கத்தினார்கள். ஒரு கிழவி செபமாலையை எடுத்துவிட்டாள்.

"சாமிக்கு எதிரா நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. அவர் பூசை வைக்கட்டும், பாவசங்கீர்த்தனம் கேட்கட்டும். அவர் முன்னால நான் முழங்காலில நிப்பன். சங்கத் தலைவரைத்தான் இறங்கச் சொல்லுறன்."

ஜெராட் சுவாமியின் முகம் வெளிறியது. அவளுடைய ஆய்வை வரி வரியாகப் படித்து, பட்டம் கிடைத்தபோது பங்குக்கே விருந்து வைத்த மனிதர் அவர்.

"அப்ப நான் ஓடோவோ, கொறற்றி?"

மற்றவர்களுக்கு அது விளங்கவில்லை.

"ஓம் அண்ணை," என்றாள்.

வழிமொழிய ஆள் வேண்டும். யோசெப் மெல்ல எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் வழிமொழியிறன். சாமி என்னை மன்னிக்கவேணும்." பிறகு கைகள் ஒவ்வொன்றாக, பாதி உயர்ந்தும் உயராமலும் மேலே வந்தன. டினோஜனின் மனைவி லக்சனாவும் கையைத் தூக்கினாள். புருசன் அவளைத் திரும்பிப் பார்த்தான், அவள் இறக்கவில்லை. சொற்ப வித்தியாசத்தில் பிரேரணை நிறைவேறியது. சுவாமி சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் பக்கக் கதவால் போய்விட்டார்.

அடுத்த கிழமையே அருமைராசா கீழ்மாடிக்கு வந்தார். யோசெப் தலைவரானார், எதற்கும் நாலு பேரைக் கேட்டே முடிவெடுத்தார், சனம் முணுமுணுத்தது. அக்னெஸ் மகளோடு கதைப்பதை நிறுத்தினார். "உனக்குச் சோறு போட்ட கை அது," என்பதே அவர் கடைசியாகச் சொன்னது. அந்தப் பின்வரிசைப் பெண்ணின் கேள்வி கொறற்றியை விடவில்லை. அவள் சொல்லால் இரண்டாகப் பிரித்த அண்ணன் வீட்டுக்குத் திரும்பியபோது ஒரே ஆளாகத்தான் திரும்பியிருப்பார்.

டிசம்பரில் கட்டடத்தின் கொதிகலன் நின்றுபோனது. பழுதுபார்க்க வந்தவருக்கு அந்தப் பழைய குழாய்களின் போக்குப் பிடிபடவில்லை. பிள்ளைகள் குளிரில் கம்பளியோடு நடமாடினார்கள். கொறற்றி பலமுறை யோசித்துவிட்டு, அந்தக் குழாய்களைத் தெரிந்த ஒரே ஆளான அண்ணனுக்கு அழைத்தாள்.

"எந்தப் பக்கம் நிண்டது?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டதும், "வாறன்," என்றார்.

நிலவறையில் அவர் முழங்காலிட்டு வால்வுகளைத் திருப்ப, அவள் டோர்ச் பிடித்தாள். குழாய்களில் சூடு ஏறியதும் அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். கீழ்மாடி வீட்டுக் கதவைத் திறந்து பாலாம்பிகை நின்றுகொண்டிருந்தார்.

"சாமி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்."

ஜெராட் சுவாமி தயங்கினார். உள்ளேயிருந்து அருமைராசா தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார். சுவாமி சப்பாத்தைக் கழற்றினார்.

"இஞ்சி போடுங்கோ," என்றபடி உள்ளே போனார். கொறற்றியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவளும் வருவதற்காகக் கதவைத் திறந்தபடியே விட்டார்.