தங்கராஜு தேர்ந்தெடுத்த மூன்றாவது சக்கரம்

ரப்பர் விலை விழுந்த 1932இல், மலாயாவின் லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கராஜுவின் பெயரும் பட்டியலில் வந்தது. தோட்டத்து ரப்பர் ஆலையில் பதினான்கு வருடம் இஞ்சின் ஓட்டியவர். கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்த அவருக்கு எந்த ஊருக்குத் திரும்பிப்போவது என்றே புரியவில்லை. பெயரை அடித்துவிடச் சொல்லிவிட்டு, மனைவி தனலெட்சுமியோடும் ஒரு பை ஸ்பேனரோடும் கடலோரப் பொந்தியானுக்கு பஸ் ஏறினார்.

அங்கே மீன் வியாபாரம் செய்த சீன முதலாளி லிம் தவுக்கேவுக்கு ஒரு மெக்கானிக் தேவைப்பட்டது. பொந்தியான் மீன் கடல் வழியாகத்தான் சிங்கப்பூர் சந்தைக்குப் போகும். முதலில் போய்ச் சேரும் படகுக்குத்தான் நல்ல விலை. தவுக்கே விபத்தில் நொறுங்கிய லாரி ஒன்றின் நாலு சிலிண்டர் இஞ்சினை வாங்கி வைத்திருந்தார். "இந்தக் கரையிலயே வேகமான படகு எனக்கு வேணும்" என்று சந்தைப் பேச்சு மலாயில் சொன்னார்.

இஞ்சினோடு, அது சீராகச் சுழல மாட்டும் கனச் சக்கரமான பிளைவீல்கள் இரண்டு கிடந்தன. ஒன்று லாரியுடையது, யாரோ அதைக் கடைந்து மெலிதாக்கியிருந்தார்கள். மற்றது பழைய தண்ணீர்ப் பம்பிலிருந்து கழற்றிய பெரிய வார்ப்பிரும்புச் சக்கரம். தங்கராஜு மெலிந்ததை மாட்டினார். ஆற்றில் ஓட்டிப் பார்த்தபோது படகு அம்பாய்ப் பாய்ந்தது. துறையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை ஆற்று முகத்தைத் தாண்டியதும் கதை மாறியது. அலை படகின் பின்பக்கத்தைத் தூக்க, தண்ணீருக்கு அடியில் சுழலவேண்டிய விசிறி வெளியே வந்தது. பிடித்து நிறுத்தக் கனமில்லாத இஞ்சின் வெறிபிடித்தாற்போல் அலறியது. விசிறி மீண்டும் தண்ணீரில் இறங்கியபோது அதே வேகத்தில் அடிவாங்கியது. நாலாவது அலையில், இஞ்சினையும் விசிறித் தண்டையும் இணைக்கும் போல்ட்டுகள் அறுந்தன. மீனவர்கள் இரண்டு துடுப்புப் படகுகளில் வந்து இழுத்துக் கரைசேர்த்தார்கள். ஐஸ் உருகி, மீன் பாதி கெட்டுப்போயிருந்தது.

தவுக்கே போல்ட் விற்ற கடைக்காரனைத் திட்டத் தொடங்கினார். தங்கராஜு குறுக்கே பேசினார்.

"போல்ட்டு மேல தப்பில்ல தவுக்கே. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். ஆத்துத் தண்ணிய மனசுல வச்சுக்கிட்டுக் கடலுக்குச் சக்கரம் மாட்டிட்டேன்."

தவுக்கே அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அப்ப பெரிசை மாட்டு."

"மாட்ட மாட்டேன். அது மெதுவாச் சுத்துற பம்புக்கு வார்த்தது. இந்த இஞ்சின் அதவிட அஞ்சு மடங்கு வேகமாச் சுத்தும். வார்ப்பிரும்பு தாங்காது, வெடிச்சிரும். துண்டு பலகையையும் துளைக்கும், அவாங் வயித்தையும் துளைக்கும்."

அவாங்தான் படகின் சுக்கான் பிடிப்பவர். சும்மா உட்கார்ந்திருந்தவர் சட்டென்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"பயமா?" என்றார் தவுக்கே.

"ஆமா, பயந்தான். வேற ஆள் மாட்டுவான்னா கூப்பிட்டுக்குங்க. நான் பையை எடுத்துக்கிறேன்."

தவுக்கே வேறு ஆளைக் கூப்பிடவில்லை. பத்து நாள் அவகாசம் கேட்டு, தங்கராஜு சிங்கப்பூரின் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினார். கடைசியில், அடித்து உருவாக்கிய எஃகு வட்டு ஒன்று கிடைத்தது. முந்தைய இரண்டு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட கனம். கடைசல் பட்டறையில் அதை அளவுக்குக் கடைந்து வாங்கிவந்தார்.

கொட்டகையில் இரண்டு இரும்புக் கம்பிகளை மட்டம் பார்த்துப் பதித்து, தண்டு கோத்த சக்கரத்தை அவற்றின் மேல் வைத்தார். சக்கரம் தானாக உருண்டு, கனமான பக்கம் கீழே வந்ததும் நின்றது. அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, மேலாகத் துளைத்துக் கொஞ்சம் இரும்பை எடுத்தார். மறுபடி உருட்டினார். இப்படியே மூன்று நாள்.

அடுத்து நாலு பிஸ்டன்களும் ஒரே எடை இருக்கவேண்டும். மரச்சட்டத்தில் இரண்டு தட்டுகளைத் தொங்கவிட்டு ஒரு தராசு செய்தார். மிக லேசான பிஸ்டனை ஒரு தட்டில் வைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதற்குச் சமமாகும்வரை உட்புறம் அராவினார். அவற்றில் முதலாவதை அராவி முடித்து நிமிர்ந்தபோது, சாப்பாடு கொண்டுவந்த தனலெட்சுமி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தட்டை மாத்தி வச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"தோட்டத்துல நான் ரப்பர் பால் நிறுத்துக் குடுக்கிறப்ப அப்படித்தான் பாப்பேன். தராசே கோணலா இருந்தா எப்படிச் சரியா இருக்கும்?"

மாற்றி வைத்தார். சமமாய் நின்ற தட்டு சரிந்தது. "அலமாக்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அராவிய பிஸ்டன்தான் இப்போது எல்லாவற்றிலும் லேசானது. மற்ற மூன்றையும் அதற்கு இறக்கவேண்டும். தராசைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார். அதன்பிறகு எடை பார்க்கும் வேலை முழுவதும் தனலெட்சுமியுடையது. பிஸ்டனோடு இணைந்த ராடுகளின் இரண்டு முனைகளையும் தனித்தனியே நிறுத்து, எதில் எவ்வளவு எடுக்கவேண்டும் என்று அவர் சொல்ல, இவர் அராவினார்.

பதினோராவது நாள் படகு கடலில் இறங்கியது. சிங்கப்பூர் போகும் வழியிலுள்ள தஞ்சோங் பியாய் முனையில் அலை பெரிதாகவே இருந்தது. விசிறி மேலே வந்தபோது இஞ்சினின் குரல் கொஞ்சம் உயர்ந்து, உடனே தணிந்தது. முன்பு ஓட்டிய படகில் இஞ்சின் அதிர்ந்து பல் தந்தியடிக்கும் என்று குறைசொல்லிவந்த அவாங், காலால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நிதானமாக ஓலைச்சுருட்டு சுருட்டினார். ஒரு தூள் புகையிலை சிந்தவில்லை. அன்று சிங்கப்பூரில் அவர்கள் மீனை இறக்கி முடித்தபோது அடுத்த படகு கண்ணுக்கே தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்குள் பொந்தியானில் எட்டுப் படகுகள் தங்கராஜு பூட்டிய இஞ்சினில் ஓடின. ஆற்றுப் படகுக்கு ஒரு சக்கரம், கடலுக்கு ஒன்று. கடல் படகுக்கு மெலிந்த சக்கரம் கேட்டு வந்த பெரிய முதலாளி ஒருவரை, தேநீர் கொடுத்துத் திருப்பியனுப்பினார்.

ரப்பர் விலை ஏறியதும், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராஜசேகரன் தேடிவந்தார்.

"தொரை உன்னை மறுபடி வரச்சொல்றாரு, தங்கராஜு. அதே வேலை, அதே வீடு."

"உக்காருங்க கிராணியாரே. இதை மட்டும் முடிச்சிடுறேன்."

கிராணி உட்கார்ந்தார். தங்கராஜு சக்கரத்தை உருட்டிவிடுவதும், அது நிற்பதும், தனலெட்சுமி குறியிடுவதும், இவர் துளைப்பதுமாக மதியம் கழிந்தது. கடைசியில், எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அங்கேயே அசையாமல் நின்றது. கிராணி எழுந்துபோய் ஒரு விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். கொஞ்சம் உருண்டு, விட்ட இடத்தில் நின்றது.

"தொரைகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"இங்க இன்னும் மூணு படகு காத்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க."

கிராணி தலையாட்டினார். "சரி, நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, லாபிஸுக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தனலெட்சுமியிடம் விசாரித்தார்.