நடுவில் கோடு போட்ட மாத்திரை

சில மாத்திரைகளின் நடுவே ஒரு கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, வெள்ளையாக இருக்கும் சர்க்கரை மாத்திரையில் ஒரு கம்பெனிக்காரன் அந்தக் கோட்டைப் போடுவான், இன்னொருவன் வழவழவென்று விட்டுவிடுவான். அமீரகத்துப் புஜைராவில் எங்கள் கிளினிக்கின் மருந்து கவுண்டரில் நான் ஆயிரக்கணக்கில் அவற்றைக் கைமாற்றியிருக்கிறேன். அந்தக் கோடு எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான்தான். யோசித்திருந்தால் மேஸ்திரி இன்று அரியலூரில் பேரப்பிள்ளைகளை வம்புக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் மருந்து படித்தவன் அல்ல. கிளினிக்குக்குத் தரை துடைக்க வந்தவன். பெட்டிகளின் மேல் இருக்கும் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து, மருந்தாளர் சேச்சிக்கு உதவியாகக் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். சேச்சி பாலக்காட்டுக்காரர். அவர் மருந்தை எடுத்து வைப்பார். நான் காகிதக் கவரில் போட்டு, காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று தமிழிலும் இந்தியிலும் சொல்லி அனுப்புவேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது என் வேலை. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதும் என் வேலைதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்களுடையது தொழிலாளர் கேம்ப் ஆட்களுக்காக நடக்கிற கிளினிக். இப்படிப்பட்ட இடங்களுக்கென்று அரசாங்கம் விலையைக் குறைத்துக் கொடுக்கிற மருந்துதான் எங்களுக்கு வரும். வெளியே கடையில் வாங்கினால் சம்பளத்தில் பள்ளம் விழும். எங்களிடம் ஒரு டீ, ஒரு பரோட்டா விலையில் மாத மருந்து முடிந்துவிடும். ஆனால் கிளினிக் கார்டு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்த விலை. கார்டு வேண்டுமென்றால் விசா உயிரோடு இருக்க வேண்டும். வாங்கிய மருந்தை வேறு யாருக்காவது கொடுத்தது தெரிந்தால் கார்டு ரத்து. நிபந்தனையைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாகக் கடைத்தெருவுக்குப் போய்விடும். இதை அரபியிலும் இங்கிலீஷிலும் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். நம் ஆட்களுக்குப் புரியாதே என்று ஆபீசில் போய்க் கேட்டு, தமிழிலும் எழுதி ஒட்டியவன் நான். எனக்குக் கையெழுத்து அழகாக வரும். தடித்த மார்க்கரில் எழுதி, ‘ரத்து’ என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தேன்.

மேஸ்திரி முதல் தடவை வந்தபோது அந்த அறிவிப்பின் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் உரக்கப் படித்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், கட்டட வேலை. சிமெண்டில் வெந்து தடித்த விரல்கள். படித்து முடித்துவிட்டுத் திரும்பி, “யாரு எழுதுனது?” என்றார். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையோடு. “எழுத்து நல்லாருக்கு மருந்துக்காரரே. சேதிதான் நல்லால்ல” என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான் அவருக்கு மருந்துக்காரர்.

மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். மேஸ்திரி சொன்னவை மட்டும் ஒரு மூட்டை தேறும். சர்க்கரை எப்போது வந்தது என்று கேட்டால், “ஊர்ல கரும்பு போட்டேன், கட்டுப்படியாகல. இங்க வந்து ஒடம்புலயே வெளையுது” என்பார். வெயிலைப் பற்றிக் கேட்டால், “சூரியன் ஓவர்டைம் பாக்குறான், கம்பெனி அவனுக்கும் காசு குடுக்கல” என்பார். அந்தப் பேச்சுக்காகவே அவர் வருகிற வெள்ளிக்கிழமையை நான் எதிர்பார்த்திருப்பேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “கோடு போட்டது இருக்கா?” குறைந்த விலைக்கு எந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டதோ அதன் மாத்திரைதான் எங்களுக்கு வரும் என்பதால் ஒரு மாதம் கோடு இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. வழவழப்பானதைக் கொடுத்தால் அவர் முகம் சுருங்கிவிடும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். கவரைப் பிரித்து ஒரு மாத்திரையை எடுத்து, கோட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். டக்கென்று சரிபாதியாகப் பிரிந்தது. “முழுசா தொண்டைல எறங்கல. பாதி இப்ப, பாதி ராத்திரிக்கு” என்று சொல்லி, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மற்றதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாவம், தொண்டை சின்னது என்று நானும் நம்பினேன். கோடு போட்ட மாத்திரை அட்டைகள் வரும்போதெல்லாம் நாலைந்தை அவருக்கென்று ஒதுக்கி வைப்பேன். அதை ஒரு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டரம்மா ஹைதராபாத்காரர், தமிழ் ஆட்கள் வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார். ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னார். “ஒரு நாள்கூட தப்புனதில்லன்னு சொல்லுங்க” என்றார் மேஸ்திரி. நான் அப்படியே இந்தியில் சொன்னேன். அது பொய்யுமில்லை. டாக்டரம்மா மாத்திரையின் வீரியத்தைக் கூட்டினார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கூட்டினார். டோஸ் ஏறினால் ஆட்கள் கலங்கிப்போவார்கள், சிலர் அழுதேவிடுவார்கள். மேஸ்திரி மட்டும் லாட்டரி விழுந்தவர்போல் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். என்ன மேஸ்திரி, இதுக்குப் போய்ச் சந்தோஷமா என்றேன். “பெரிய மாத்திரைன்னா பெரிய ஆளுன்னு அர்த்தம்யா” என்றார்.

பிறகு ஒரு கோடைக்காலத்தில் வந்தார். கையில் ஒரு பெட்டி லட்டு. எனக்கும் சேச்சிக்கும் கொடுத்துவிட்டு, தனக்குக் கூடாது என்று கையை ஆட்டினார். என்ன விசேஷம் என்றதற்கு, “ரூம்ல ஒருத்தன் ஊருக்குப் போயிட்டான், நல்லபடியா” என்றார். நான் அவருக்காக வைத்திருந்த அட்டைகளை எடுத்தேன்.

“இனிமே கோடு வேணாம் மருந்துக்காரரே. எது இருக்கோ அதக் குடுங்க.”

“என்ன மேஸ்திரி, தொண்டை பெரிசாயிடுச்சா?”

“ஆமா, ஆமா. பெரிசாயிடுச்சு” என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். லட்டு இனிப்பாக இருந்தது. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

கோடையில் மத்தியானம் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த நேரத்தில் ஆட்கள் நிழலில் அட்டையை விரித்து வரிசையாகப் படுத்துவிடுவார்கள். மேஸ்திரியும் படுத்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததாம். அந்த வெயிலில் யாருக்குத்தான் நனையவில்லை? ஏதோ குழறிப் பேசினாராம், அசதி என்று விட்டுவிட்டார்கள். “தூங்குறாருன்னு நெனச்சோம் சார்” என்று பிறகு கிளினிக்குக்கு வந்த அவருடைய ஆட்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வேலை தொடங்கும் நேரத்தில் எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில், உடம்பில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டது என்று எழுதினார்கள். ஒரு கை சீனி, ஒரு தம்ளர் ஜூஸ், அவ்வளவு போதும் அவரைத் திருப்பிக் கொண்டுவர.

டாக்டரம்மா அவருடைய ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதம் இறங்காத சர்க்கரை, அதே மாத்திரையில் எப்படி ஒரே வாரத்தில் இப்படி இறங்கும் என்றார்.

பதில் போனில் வந்தது. ஊரிலிருந்து ஒருவர் கிளினிக் நம்பருக்குக் கூப்பிட்டு, தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். “சார், நான் மேஸ்திரி ரூம்ல இருந்தவன். மச்சான்னுதான் கூப்பிடுவாரு. கெளம்புறப்ப நாலு நாளைக்குப் பாதி பாதியா ஒங்க கவர்ல போட்டுக் குடுத்தாரு, அதுல நம்பர் இருந்துச்சு” என்றார். அவருடைய கம்பெனி மூடிப்போய், விசாவுக்குப் பொறுப்பான முதலாளி கஃபீல் கைவிட்டு, விசா செத்து இரண்டு வருடம் அந்த ரூமில் ஒளிந்திருந்தவர். அவருக்கும் சர்க்கரை. கார்டு போட வழியில்லை. மேஸ்திரியின் ஒவ்வொரு மாத்திரையிலும் பாதி அவருக்குப் போயிருக்கிறது. விசா இல்லாதவர்களுக்கு அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தபோது வெளியே வந்து ஊர் போய்ச் சேர்ந்தார். டாக்டரம்மா கூட்டிக்கொண்டே போன மருந்து இரண்டு உடம்புக்கானது. மச்சான் போன மறுநாளிலிருந்து மேஸ்திரி அதை ஒரே உடம்பில் இறக்கியிருக்கிறார், இனி முழுதாகச் சாப்பிட்டுச் சுகமாகிவிடலாம் என்று.

விசா இல்லாமல் திரிகிறவனுக்கு நம் ஆட்கள் இங்கே வைத்திருக்கும் பெயர் கல்லிவல்லி. அரபியில் அதற்கு ‘விட்டுத்தள்ளு’ என்று அர்த்தம். மச்சான் போனில் அழுதுகொண்டே சொன்னார்: “எல்லாரும் என்னக் கல்லிவல்லின்னாங்க சார். அவரு மட்டுந்தான் விடல.” அப்புறம் கேட்டார், “நான் ஊருக்கு வந்ததுனாலயா சார் அவரு போனாரு?”

“இல்லங்க, வெயிலு. இந்த வருசம் வெயிலு ரொம்ப ஜாஸ்தி” என்றேன்.

அந்தப் பொய்யை இத்தனை காலம் காப்பாற்றினேன். போன வருடம் மச்சானும் இறந்துபோனார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மேஸ்திரி டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்பது சுவரில் என் கையெழுத்தில் இருந்தது. அரபியிலும் இங்கிலீஷிலும் மட்டும் அது இருந்திருந்தால், படிக்கத் தெரியாத தைரியத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். எல்லாருக்கும் புரியட்டும் என்று நினைத்தேன். நன்றாகவே புரிந்திருக்கிறது.

அறிவிப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது. கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. போன வாரம் ஒரு ப்ளம்பர் வந்தார், கும்பகோணம் பக்கம். மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு, அறிவிப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அண்ணே, நடுவுல கோடு இருக்குமே, அந்த மாத்திரை இருக்கா?” என்றார். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

“யாருக்குன்னு கேக்க மாட்டேன். நீங்க எவ்ளோ சாப்பிடுறீங்க, அத மட்டும் சொல்லுங்க. டாக்டரம்மா டோஸ ஏத்தாம நான் பாத்துக்கிறேன்.”

அவர் என்னையே பார்த்தார். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து, அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினார்.